ஆபரேஷனுக்கு முன் ஸ்டீராய்டை நிறுத்தலாமா?

கேள்வி: தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் வீங்கிப் புண்ணாகும் நோய்). 2 மாதமாக தினம் 40 மி.கி. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான். பெருங்குடலை எடுக்க வேண்டுமாம். மாத்திரையை இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இத்தனை நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டதில் உடம்புக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கும். சட்டென்று விட்டால் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியலாம். ஆனால் தினம் 20 மி.கி.க்கு மேல் 6 வாரம் தாண்டினாலே புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம், குடலை இணைத்த இடம் கசியலாம். அவகாசமிருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இல்லையென்றால் முதலில் பெருங்குடலை எடுத்து, சிறுகுடல் முனையை வயிற்றில் வெளியே விட்டு மலப்பை ஒட்டுவார்கள். சிறுகுடலாலேயே மலம் தேங்க உள்ளே ஒரு பை (உள்பை) அமைப்பது உடம்பு தேறி, ஸ்டீராய்டு நின்ற பிறகுதான். இதுவே பத்திரமான வழி. இதே நோய்க்குத் தரும் அசதயோபிரின் என்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தால் பொதுவாக இந்த ஆபத்து கூடுவதில்லை. இதே நோய்க்கான இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டிருந்தால் கடைசி ஊசித் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள்.