கிரேக்கத் தீவான சாந்தோரினிக்குக் குடும்பத்தோடு போகிறோம். மலை விளிம்பில் இருக்கும் ஓயா ஊரில் தங்குவதா, கடற்கரைப் பக்கம் தங்குவதா?

குடும்பத்தோடு என்கிறீர்கள். அப்படியென்றால் கூட ஒரு முழங்கால் வலிக்காரராவது வருவார் என்று நானே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புதுமணத் தம்பதி என்றால் ஓயாவிலேயே தங்குங்கள், இந்தப் பதில் உங்களுக்கு இல்லை.

நான் அம்மாவோடு போனது ஒரு செப்டம்பரில். ஓயாவில் கால்டேராவை, அதாவது எரிமலை உள்வாங்கிக் கடல் நிரம்பிய பள்ளத்தைப் பார்த்த குகை அறை, நான்கு இரவு. விளம்பரத்தில் 'சில படிகள் உண்டு' என்று போட்டிருந்தது. வண்டி போகும் சாலையிலிருந்து அறைக்கு 83 படிகள். எண்ணியது நான் இல்லை, அம்மா. சீரான படிகளும் இல்லை. ஒன்று முழ உயரம், அடுத்தது சாய்ந்திருக்கும், பாதிக்குக் கைப்பிடியே கிடையாது. பெட்டியைத் தூக்க ஒரு பையன் வந்தான். அம்மாவைத் தூக்க யார் வருவார்கள்? மூன்றாவது தடவை ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். "பழனியிலேயே விஞ்ச் இருக்கேடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

விடுதிக்காரரையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. சுமார் 3,600 வருஷத்துக்கு முன் எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் உட்கார்ந்துவிட்டது. மிச்சம் நிற்கும் செங்குத்துச் சரிவின் விளிம்பில்தான் ஓயா, இமெரோவிக்லி, ஃபிரா எல்லாம். எரிமலைச் சாம்பல் இறுகிய மண்ணைக் குடைந்து வீடு கட்டிய ஊர், லிஃப்ட் எங்கே வைப்பது? நீங்கள் படத்தில் பார்த்து மயங்கும் அந்த அழகுக்கே படிதான் காரணம்.

இரண்டாம் நாள் இரவே முடிவு பண்ணி காமாரிக்கு மாறினோம். மீதி இரண்டு இரவுப் பணம் போனது போனதுதான். காமாரி தீவின் மறுபக்கம், தரைமட்டம். அறையை விட்டு இறங்கினால் தெரு, தெருவைத் தாண்டினால் கறுப்பு மணலும் கூழாங்கல்லுமாகக் கடல். செருப்பில்லாமல் நடந்தால் மதியம் கால் வெந்துவிடும். அம்மா தனியாகவே போய் வந்தார். ஒரு கடையில் ஃபாவா என்று மஞ்சள் பருப்பை மசித்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயம் தூவித் தந்தார்கள். "கடையல்தான், தாளிக்க மறந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

ஒரே குறை, அஸ்தமனம் தெரியாது. காமாரி கிழக்கு பார்த்த ஊர், உதயம்தான். அஸ்தமனம் வேண்டுமென்றால் ஒரு சாயங்காலம் பஸ் ஏறி ஓயா போய் வாருங்கள். நேர் பஸ் கிடையாது, ஃபிராவில் மாற வேண்டும். திரும்பும்போது கூட்டம் முண்டியடிக்கும்.

ஓயா பிரியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த இரண்டு இரவும் அறை வாசலிலிருந்து பார்த்த கடலை நானும் மறக்கவில்லை. ஆனால் 'அம்மாவைக் கூட்டிட்டுப் போய் காலை ஒடிச்சுட்டான்' என்று இன்றைக்கும் குடும்பக் குழுவில் எழுதுகிற என் அண்ணனுக்கு ஒன்று: அம்மாவை ராமேஸ்வரம் வரைக்குமாவது நீ கூட்டிப் போனது உண்டா? பிசியோதெரபி செலவில் உன் பங்கு இன்னும் வரவில்லை. சரி, அது இங்கே எதற்கு.

எங்கே தங்கினாலும் பணம் கட்டும் முன் விடுதிக்கு ஒரு வரி எழுதுங்கள்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து எங்கள் அறைக் கதவு வரை எத்தனை படி? 'சில' என்று பதில் வந்தால் விடாதீர்கள், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.