42 கிலோமீட்டர் ஓடாதவர் ஓட்டக்காரர் இல்லையா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு வருடமாக வாரத்தில் நான்கு நாள் காலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி இரண்டு ரவுண்டு, அதாவது 5 கி.மீ. ஓடுகிறேன். 35 நிமிடம் ஆகும். இரண்டு நாள் மாலையில் நண்பர்களோடு ஷட்டில். எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் ஃபுல், அதாவது முழு 42 கி.மீ. ஓடப் போகிறார்கள். “எத்தனை நாளைக்கு இந்த அஞ்சு கிலோமீட்டரே ஓடுவீங்க?” என்று கேலி செய்கிறார்கள். கால் பிசகிவிடும், ஷட்டிலை நிறுத்து என்றும் சொல்கிறார்கள். அப்பா, முட்டி தேய்ந்துவிடும் என்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மனைவியிடம் பேச்செடுத்தால், “ஓடுறது நீங்க, களைப்பு எனக்கு” என்கிறார். நான் ஃபுல் ஓடலாமா? அதற்கு கார்பன் பிளேட் ஷூ (அடிப்பாகத்தில் கார்பன் தகடு வைத்தது) வாங்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதில் உங்கள் மனைவி சொன்ன வரியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தக் கேலி.

மாரத்தானின் 42.195 கி.மீ. என்பது வானத்திலிருந்து இறங்கிய எண் இல்லை. 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது சுமார் 40 கி.மீ.தான். 1908-இல் லண்டனில் நடந்தபோது வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி வழி போட்டார்கள். அப்படி அமைந்த தூரம் இது. 1921-இல் அதையே நிரந்தர அளவாக வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒரு ராஜா வீட்டு வசதிக்கு அமைந்த தூரத்தை ஓடாததால் நீங்கள் அரை ஓட்டக்காரர் ஆகிவிட மாட்டீர்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒரு கணக்கு. நான்கு நாள், நாளுக்கு 35 நிமிடம், மொத்தம் வாரத்துக்கு 140 நிமிடம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓட்டம் இரண்டாவது வகை. ஆக, அவர்கள் சொல்லும் அளவின் மேல்விளிம்புக்கே வந்துவிட்டீர்கள். ஷட்டில் கொசுறு. குறை என்று பார்த்தால் ஒன்றுதான்: வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது, உங்கள் கடிதத்தில் அது இல்லை. தோப்புக்கரணம், தண்டால், படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, இவை போதும். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

உடம்புக்காக நீங்கள் ஃபுல் ஓட வேண்டிய அவசியம் கிடையாது. ஓட ஆசை, அவ்வளவுதான். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு, மெடலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வதும் பிடிக்கும். ஆனால் ஆசைக்கு ‘ஆரோக்கியம்’ என்று பெயர் வைத்து வீட்டில் அனுமதி வாங்கப் பார்க்கக் கூடாது. கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். ஃபுல்லுக்குத் தயாராக 16 முதல் 18 வாரம் ஆகும். வாரம் 20 கி.மீ. ஓடுகிற நீங்கள் மெல்ல மெல்ல 50, 60-க்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டம் 30 கி.மீ. வரை நீளும். அதை வேகமாக ஓடக் கூடாது. கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்று வைத்தால் மூன்றே முக்கால் மணி நேரம். அதற்கு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும், எனவே சனிக்கிழமை ரிசப்ஷனுக்குப் போக முடியாது. விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம் அடிக்கும்போது எழுந்துகொள்வது நீங்கள் மட்டும் இல்லை. திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டால் கண் சொருகும். மதியம் வரை உங்களால் ஒரு வேலையும் ஆகாது. மகளை டியூஷனில் விடுவது, அப்பாவுக்கு மாத்திரை வாங்குவது, காய்கறி, கேஸ், எல்லாம் யார் தலையில்? மாரத்தான் ஓடுகிறவர் வீட்டில் இன்னொருவர் கைதட்டல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்.

கென்யாவின் மாரத்தான் சாம்பியன் எலியுட் கிப்சோகே, உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 200 கி.மீ. வரை ஒரு வாரத்தில் ஓடுவார். அதற்காகக் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வாரநாட்களில் கப்டகட் என்ற ஊரின் பயிற்சி முகாமில்தான் தங்குவார். அது அவர் தொழில். உங்களுக்கு ஒன்பது மணிக்கு ஆபீசில் விரலை வைத்தாக வேண்டும்.

அதனால் என் பதில்: இந்த ஜனவரி வேண்டாம். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. கடைசி மூன்று மாதம் வீடே அந்தப் பெண்ணுக்காக இயங்கும். சென்னை ஓட்டத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோவைக் காற்றில் பழகிய உடம்புக்கு ஜனவரியிலும் சென்னையின் புழுக்கம் கஷ்டம் கொடுக்கும். விடியுமுன் கிளம்பினாலும், கிலோமீட்டருக்கு உங்கள் வழக்கமான 7 நிமிடக் கணக்கில் ஓடினால் முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து 30 கி.மீ. வாக்கில் தீர்ந்து, கால் இரும்பாகக் கனக்கும்போது கிழக்குக் கடற்கரை வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

டிசம்பரில் உங்கள் ஊரிலேயே புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் ஹாஃப் ஓடுங்கள். 21.1 கி.மீ., இரண்டரை மணி நேரம். ஞாயிறு ஓட்டத்தை மட்டும் வாரம் ஒரு கி.மீ., ஒன்றரை கி.மீ. என்று கூட்டி 16, 18 வரை கொண்டுபோனால் போதும். அதற்கும் ஒரு நிபந்தனை. வாரத்தில் இரண்டு காலை அடுப்படி, டிபன் பாக்ஸ், பால், எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் உங்கள் மனைவி நடக்கப் போகலாம், தூங்கலாம், சும்மா உட்கார்ந்து காபி குடிக்கலாம். என்ன செய்கிறார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. முக்கியமாக, “நீயும் ஓட வாயேன்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். புதிதாக ஓட ஆரம்பித்த ஆண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

ஃபுல் எங்கும் ஓடிப்போகாது. பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை 2000-இல் லண்டனில் ஓடியபோது, அவருடைய பாஸ்போர்ட்டின்படி வயது 89. உங்களுக்கு 44. மகள் கல்லூரிக்குப் போகட்டும், அப்புறம் பேசலாம்.

ஷட்டிலை விடவே விடாதீர்கள். ஓட்டத்தில் உடம்பு ஒரே திசையில், ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான முறை அசைகிறது. ஷட்டிலில் பக்கவாட்டில் பாய்கிறீர்கள், குனிகிறீர்கள், சட்டென்று நிற்கிறீர்கள். ஓட்டம் அதிகம் தொடாத இடுப்புத் தசைக்கும் கணுக்காலுக்கும் வேலை கிடைக்கிறது. கால் பிசகும் என்பது உண்மைதான், அதனால் கோர்ட்டில் இறங்குமுன் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள். ஹாஃபுக்கு முந்தைய வாரம் மட்டும் வேடிக்கை பாருங்கள். அதோடு, தோற்றால் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குப் போகிற நண்பர்கள் 44 வயதில் புதிதாகக் கிடைப்பது கஷ்டம்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஓடுகிறவர்களுக்கு முட்டி வலி வருவது பல நேரம் தூரத்தை அவசரமாகக் கூட்டுவதால். ஆனால் தூரம் கூட்டுமுன் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி பார்த்துவிட்டு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி. ரவுண்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

கார்பன் பிளேட் ஷூ வேண்டாம். அது வேகமாக ஓடுகிறவர்களுக்கு நிமிடங்களைக் குறைக்கச் செய்தது, விலையும் ஐந்து இலக்கத்துக்குப் போகும். சாதாரண ஓட்ட ஷூ ஒன்று வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய், கட்டைவிரலுக்கு முன் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்து. 500 முதல் 800 கி.மீ. வரை உழைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஷட்டில் ஆடாதீர்கள். உயரமான மெத்தை அடிப்பாகம், பக்கவாட்டில் திரும்பும்போது அதில்தான் கால் பிசகும். கோர்ட்டுக்குத் தட்டையான ரப்பர் அடி கொண்ட ஷூ தனியாக வேண்டும். இரண்டு ஜோடியும் சேர்த்தாலும் அந்த கார்பன் ஷூவின் விலை வராது.