நாலாம் யூனிட்டில் மட்டும் எக்ஸாஸ்ட் சூடு 50 டிகிரி கூடுதல்

புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வைப் பாருங்கள். எரிபொருளைத் தூவும் இன்ஜெக்டரைப் புதிதாகப் போட்டும் நாலாம் யூனிட் (சிலிண்டர்) மட்டும் மற்றவற்றைவிட 50 டிகிரி கூடுதல் என்றால், கப்பலின் டூ-ஸ்ட்ரோக் மெயின் இன்ஜினில் அந்த வால்வு உட்காரும் சீட் எரிந்து கசிவதுதான் என் முதல் சந்தேகம்.

அதற்கு முன் வெப்ப சென்சாரைப் பக்கத்து யூனிட்டோடு மாற்றிப் பாருங்கள். கூடுதல் சூடும் அதோடு போனால் சென்சார்தான் பழுது, வேலை முடிந்தது. போகவில்லையா? லோடு நிலையாக இருக்கும்போது இண்டிகேட்டர் காக்கில் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் குழாய்த் திறப்பு) அழுத்தம் எடுங்கள். கம்ப்ரெஷனும் உச்ச அழுத்தமும் சேர்ந்து குறைந்தால் வால்வு அல்லது பிஸ்டன் ரிங் கசிகிறது. கம்ப்ரெஷன் சரியாக இருந்து உச்சம் மட்டும் குறைந்தால் எரிபொருள் தாமதமாக விழுகிறது. எரிபொருள் பம்ப் டைமிங்கைப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: அதே யூனிட்டின் ஸ்கேவஞ்ச் பெட்டியும் (சிலிண்டருக்குள் போகும் காற்று சேரும் இடம்) சூடேறினால் உள்ளே தீ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலை ஓட்டும் பிரிட்ஜுக்குச் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். அந்த யூனிட்டுக்கு எரிபொருளை நிறுத்தி, சிலிண்டர் ஆயிலை (மசகு எண்ணெய்) கூட்டுங்கள். முழுக்க ஆறும்வரை பெட்டியின் கதவைத் திறக்கவே கூடாது.