மெக்கானிக் போன பிறகு

கேள்வி: அமெரிக்காவும் நேட்டோவும் இருபது வருஷம் பயிற்சி கொடுத்த ஆப்கன் ராணுவம், 2021 ஆகஸ்டில் தாலிபான் வந்ததும் பத்தே நாளில் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியதே! பயிற்சியில் கோளாறா, இல்லை அவர்கள் ரத்தத்திலேயே வீரம் கிடையாதா?
— முன்னாள் ராணுவ வீரர், வேலூர் (பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: ரத்தத்தை முதலில் பார்த்துவிடுவோம் ஐயா. அந்த யுத்தத்தில் உயிரைவிட்ட ஆப்கன் ராணுவத்தினரும் போலீஸாரும் சுமார் 66,000 பேர். அமெரிக்கச் சிப்பாய்கள் 2,500-க்குள். வீரத்துக்கு இதைவிட என்ன சர்ட்டிஃபிகேட் வேண்டும்?

சரி, பயிற்சிக்கு வருகிறேன். 2015 ஜனவரி 1-ல் 'ரெசல்யூட் சப்போர்ட்' என்று பெயர் வைத்து நேட்டோ (அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணி) தொடங்கியதே, அதன் வேலை கற்றுக்கொடுப்பது, யோசனை சொல்வது, கூட நின்று உதவுவது. நாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். வடக்கே மசார்-இ-ஷரீஃப் ஜெர்மனிக்கு, மேற்கே ஹெராத் இத்தாலிக்கு, காபூல் துருக்கிக்கு, தெற்கும் கிழக்கும் அமெரிக்காவுக்கு. ஆலோசகர் ஆறு மாதம் இருப்பார், மிஞ்சினால் ஒரு வருஷம். நாலு பேரோடு டீ குடித்துப் பழகி, எந்த கர்னல் யாருக்கு மச்சான் என்று பிடிபடும் நேரத்தில் அவருக்கு ஊருக்கு டிக்கெட் வந்துவிடும். அடுத்து வருபவர் மறுபடி 'அ'னா, 'ஆவன்னா'. போலீஸாருக்குப் பாடம் எடுக்கப் போன ஓர் அமெரிக்க அதிகாரி, போலீஸ் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள டிவி தொடர் பார்த்தாராம். என் கிண்டல் இல்லை இது. ஆப்கன் செலவைத் தணிக்கை செய்ய அமெரிக்க அரசே வைத்திருந்த 'சிகார்' அலுவலகம் பதிவு செய்தது.

யூனிஃபார்ம் கதையையும் அவர்கள்தான் 2017-ல் வெளியே கொண்டுவந்தார்கள். ஆப்கானிஸ்தானில் காடு என்பது சுமார் 2 சதவீத நிலம். ராணுவத்துக்கு எடுத்ததோ பச்சைக் காட்டு டிசைன்! தீபாவளிக்குச் சட்டை எடுப்பதுபோல, அன்றைய பாதுகாப்பு அமைச்சர் இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டது. அது உரிமை வாங்க வேண்டிய டிசைன் என்பதால் 2.8 கோடி டாலர் வரை கூடுதல் செலவு. பில் அமெரிக்காவுக்கு.

இதெல்லாம் சில்லறை. கழுத்தை அறுத்தது ஹெலிகாப்டர். ரஷ்ய எம்.ஐ.-17 ஆப்கன் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வண்டி, பெரும்பாலான பழுதை அவர்களே பார்த்துவிடுவார்கள். அதை ஓரம்கட்டிவிட்டு அமெரிக்க ஹெலிகாப்டரான பிளாக் ஹாக் கொடுத்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கழற்றி மாட்டும் வேலை மட்டும் ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டு கான்ட்ராக்ட் ஆட்களிடமே இருந்தது. 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் தாலிபானோடு அமெரிக்கா போட்ட ஒப்பந்தத்தில் (காபூல் அரசுக்கு அதில் கையெழுத்தே இல்லை) படைகளோடு கான்ட்ராக்ட் ஆட்களும் வெளியேற வேண்டும் என்று இருந்தது. 2021-ல் போனார்கள். அப்புறம் வீடியோ காலில் பழுது பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள்!

நீங்கள் ராணுவத்தில் இருந்தவர். ஈ.எம்.ஈ. (ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவு) ஆட்களை மொத்தமாகத் தூக்கிவிட்டால் ஒரு யூனிட் எத்தனை நாள் தாங்கும்? சாலையெல்லாம் தாலிபான் கையில். ஹெலிகாப்டர் வராவிட்டால் குண்டு வராது, ரேஷன் வராது, அடிபட்டவனைத் தூக்கிப்போக ஆள் வராது. காந்தஹார் முனையில் ஒரு போலீஸ் பிரிவு முழுமைக்கும் அன்றைய சாப்பாடாக வந்து சேர்ந்தது, ஓர் அட்டைப்பெட்டி நிறைய நொளநொளத்த உருளைக்கிழங்கு. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி வேறு.

மூன்று லட்சம் பேர் இருந்தார்களே என்பீர்கள். அன்றைய அமெரிக்க அதிபர் பைடனும் 2021 ஜூலையில் அதைத்தான் சொன்னார். அதில் பெரும்பாலோர் தாளில் மட்டுமே இருந்தவர்கள் என்று ஆப்கன் முன்னாள் நிதியமைச்சர் பயெண்டா பிறகு உடைத்தார். செத்தவன் சம்பளமும் ஓடிப்போனவன் சம்பளமும் கமாண்டர் பாக்கெட்டில். இராக்கில் 2014-ல் மொசூல் நகரம் ஐ.எஸ். தீவிரவாதிகளிடம் விழுந்த பிறகும், இப்படித் தாளில் மட்டுமே இருந்த 50,000 பேய்ச் சிப்பாய்கள் அகப்பட்டார்கள். அங்கும் பயிற்சி இதே வாத்தியார்கள்தான். எந்த மாவட்டம் யார் கையில் என்று கணக்கெடுத்துவந்த நேட்டோ தலைமையகம், அரசின் பிடி நழுவிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கணக்கையே நிறுத்திவிட்டது. மார்க் குறைகிறது என்று பரீட்சையை ரத்து செய்த வாத்தியாரை வேறெங்கும் பார்த்திருக்கிறீர்களா?

ஓட்டம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, இதையும் கேளுங்கள். 2021 ஜூலை தொடக்கத்தில் ஓர் இரவு பாக்ராம் விமானத் தளத்தைக் காலி செய்து கிளம்பினார்கள் அமெரிக்கர்கள். அவர்கள் போன இருபது நிமிஷத்தில் கரண்ட் நின்றது. பொறுப்பேற்க வேண்டிய ஆப்கன் தளபதிக்கு விஷயம் தெரியவே இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் உள்ளே புகுந்து, கையில் கிடைத்ததை வாரிக்கொண்டிருந்தார்கள்.