பிறந்த வீட்டுப் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் என் கணவருடைய எள்ளுப்பாட்டியின் கல்லறை இருக்கிறது. கல்லில் "இன்னாரின் மனைவி, இறப்பு 1904 மார்ச் 3, வயது 58 ஆண்டு, 7 மாதம், 12 நாள்" என்பதோடு சரி. தாத்தா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர். 1870களில் ஹோம்ஸ்டெட் நிலத்துக்கு (குடியேறிப் பயிரிடுபவருக்கு அரசாங்கம் கொடுத்த நிலம்) எழுதிப்போட்டு, பட்டா வருமுன்பே இறந்துவிட்டாராம். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். கணவர் இருந்தவரை அரசாங்கம் அந்த அம்மாளிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. விதவையான பிறகு நில அலுவலகமும் பென்ஷன் அலுவலகமும் கேட்டன. அவர் சொன்ன பதில்களைத்தான் தேட வேண்டும்.

முதலில் கல்லில் உள்ள கணக்கு. ஆண்டு, மாதம், நாள் என்று கழித்தால் 1845 ஜூலை 22 வரும். 1900 சென்சஸில் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு, சரிபாருங்கள். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்றும் அதில் இருக்கும். 1880 சென்சஸில் ஐந்து பிள்ளைகள் இருந்து, 1900இல் பெற்றது மூன்று என்றால், மற்ற இருவர் மூத்தாள் பிள்ளைகளாக இருக்கலாம். 1890 சென்சஸ் ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போயிற்று. நெப்ராஸ்காவின் 1885 கணக்கெடுப்பைப் பாருங்கள்.

பிள்ளைகள் பிறந்த மாநிலங்கள் வழியைக் காட்டும். மூத்தது இல்லினாயில் பிறந்திருந்தால் கல்யாணமும் அங்கேயாக இருக்கலாம். அந்த மாநில ஆவணக்காப்பகத்தில் 1900 வரைக்குமான திருமண அட்டவணை இருக்கிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அது அவருக்கு மறுமணமாக இருந்தால், பதிவில் இருப்பது முதல் கணவரின் குடும்பப் பெயராக இருக்கும்.

ஹோம்ஸ்டெட் என்றால் 160 ஏக்கர் வரை, ஐந்தாண்டு குடியிருப்பு. கணவர் இறந்தால் மனைவி அதை முடித்துத் தன் பெயரிலேயே பட்டா வாங்கலாம். பட்டா ஒற்றைத் தாள்தான், மத்திய நில நிர்வாகத் துறையின் தளத்தில் கிடைக்கும். அதிலுள்ள எண்ணையும் நில விவரத்தையும் கொடுத்து, வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் முழுக் கோப்பைக் கேளுங்கள். வீட்டின் நீள அகலம், உழுத ஏக்கர், கிணறு, பிள்ளைகளின் எண்ணிக்கை, இரண்டு அண்டைவீட்டாரின் சாட்சியம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

எனக்கு அதிக நம்பிக்கை பென்ஷன் கோப்பில்தான். 1890 படைவீரர் பென்ஷன் சட்டத்துக்குப் பிறகு, கணவர் போரினால் இறக்காவிட்டாலும் வருமானமில்லாத விதவை மனுச் செய்யலாம். கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். பதிவேடு கிடைக்காதவர்கள் குடும்ப பைபிளிலிருந்து ஏட்டைக் கிழித்து அனுப்பினார்கள், கல்யாணத்தை நேரில் பார்த்த, பெண்ணின் அண்ணன் தங்கைகள் வாக்குமூலம் கொடுத்தார்கள். இதையும் முழுக் கோப்பாகவே கேளுங்கள். தேர்ந்தெடுத்த சில தாள்களை மட்டும் வாங்கினால் வாக்குமூலங்கள் விடுபட்டுப்போகலாம்.

சாட்சிகளின் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு 1850 சென்சஸுக்குப் போங்கள். வீட்டிலுள்ள அடிமையல்லாத எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் சென்சஸ் அது. வயதை ஜூன் 1 கணக்கில் எழுதினார்கள். அதனால் ஜூலையில் பிறந்த உங்கள் பாட்டியை 5 வயதில் தேடாதீர்கள், 4 வயதில் தேடுங்கள்.