எண்ணெய் போட்டும் .303 ரைஃபிள் குழலில் துரு பிடிப்பது ஏன்?

பழைய ராணுவத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு, அன்றே எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தும் லீ-என்ஃபீல்டு என்ற அந்த .303 ரைஃபிளின் குழலுக்குள் துரு வந்துவிட்டது என்கிறீர்கள். எண்ணெயில் குறை இல்லை. காரணம் உப்பு.

அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்துக்கு நெருப்பு மூட்டும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழலில் படிந்துவிடும். நம் சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம் அது. எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அன்றைய சிப்பாய்கள் சேம்பர் (குழலின் பின்பக்கம், தோட்டா உட்காரும் இடம்) பக்கம் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். சூடேறிய குழல் தானே சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் காய்ந்த துணி, கடைசியில் மெல்லிய பூச்சாக எண்ணெய்.

எதைத் தொடும் முன்பும் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் இரும்புத் தண்டு) உருவி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இதில் அவசரமே கூடாது.

புல்-த்ரூ கயிற்றை, அதாவது துணி கோத்துக் குழலைத் துடைக்கும் கயிற்றை, சேம்பர் வழியே விட்டு, முன்வாய் வழியே நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் கயிறே நாளடைவில் வாயோரத்தை அரித்துவிடும், குறி தப்பும்.

குழலின் உட்புறத்தைப் பார்ப்பதற்கு ஒரு பழைய வழி: சேம்பர் பக்கம் கட்டைவிரல் நகத்தைச் சாய்த்துப் பிடித்து, அதில் படும் வெளிச்சத்தில் முன்வாய் வழியே பாருங்கள். குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் பளிச்சென்று சுழன்று போக வேண்டும். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் துரு இரும்பைத் தின்றிருக்கிறது. நிழல் வளையம் தெரிந்தால் குழல் உப்பியிருக்கலாம். துப்பாக்கிப் பழுதாளர் பார்க்காமல் சுடாதீர்கள்.

சுடும் முன் சேம்பரில் துளி எண்ணெயும் இருக்கக் கூடாது. தோட்டாக்கூடு வழுக்கி, போல்ட்டின் மேல் விழும் உதை கூடிவிடும்.