தாலியும் தாளும்

கேள்வி: மகனுக்கு டோக்கியோவில் ஐ.டி. வேலை. கூட வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். அங்கே கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டுமாமே, இவன் பெயரை மாற்றிவிடுவார்களா? மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள். அவள் ஒரு பிரெஞ்சுக்காரரோடு ‘பாக்ஸ்’ பதிவு செய்யப் போகிறாளாம், கல்யாணம் இப்போதைக்கு வேண்டாமாம். சும்மா சேர்ந்து வாழ்வதற்கு இப்படி ஒரு பெயரா? மகனைப் பற்றிக் கவலையில்லை. மகளை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: கவலையில் பாதியை மகன் பக்கம் நகர்த்தி வையுங்கள். அங்கேயும் கவனிக்க நிறைய இருக்கிறது.

முதலில் பெயர். ஜப்பானில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘கொசெகி’ என்ற பதிவேடு உண்டு. 1898 குடிமைச் சட்டப்படி, தாத்தா முதல் பேரன் வரை ஒரு தலைவரின் கீழ் ஒரே வீடு. 1947இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கொசெகியில் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே. ஆனால் தம்பதிக்கு ஒரே பெயர் என்ற விதி நிலைத்துவிட்டது. நூற்றுக்குச் சுமார் 95 பேர் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் அந்த விதி செல்லும் என்றது.

வெளிநாட்டவரை மணந்தால் இந்த விதி பொருந்தாது. உங்கள் மகனுக்குக் கொசெகியே கிடையாது; மருமகளின் கொசெகியில் ‘இன்னாரை மணந்தார்’ என்ற குறிப்பாகத்தான் வருவார். அவர் பெயர் மாறாது, மருமகள் பெயரும் தானாக மாறாது. ஆனால் பேரக்குழந்தைகள் அம்மாவின் கொசெகியில், அம்மாவின் குடும்பப் பெயரோடு சேர்வார்கள். உங்கள் வீட்டுப் பெயர் வேண்டுமானால், கல்யாணமான 6 மாதத்துக்குள் மருமகள் ஒரு படிவம் கொடுத்துக் கணவன் பெயருக்கு மாறலாம். அதைத் தவறவிட்டால் குடும்ப நீதிமன்ற அனுமதி வேண்டும்.

‘வீட்டுப் பெயர்’ என்று நமக்கு ஏது? உங்கள் கணவர் பெயர் சுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். மகனின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் சுந்தரம் இருந்தால், ஜப்பானிய மருமகளும் பேரப்பிள்ளைகளும் மாமனாரின் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமப்பார்கள். அதிலும் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் ‘ம்’ என்று முடிக்க முடியாது, ‘சுந்தரமு’ என்றாகிவிடும். சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், தேதி குறிக்கும் முன்பே வார்டு அலுவலகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் முதலில் பதிகிறார்களோ, அதே எழுத்து மற்ற தாள்களிலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே கல்யாணம் என்பது அந்த அலுவலகத்தில் கொடுக்கும் படிவம்தான்; மண்டபமும் சடங்கும் சட்டத்துக்குக் கணக்கில்லை. 18 வயது நிறைந்த இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், எந்த நாட்டவரும் இடலாம். நீங்களும் உங்கள் கணவருமே இடலாமே! மகனுக்கு, மணக்கத் தடையில்லை என்று இந்தியத் தூதரகம் தரும் சான்றும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் பெயரோடு, வேண்டும். இரவிலும் படிவம் வாங்கிக்கொள்வார்கள். 11, 22 என்ற எண்களை ஜப்பானிய மொழியில் ‘நல்ல தம்பதி’ என்று படிக்கலாம் என்பதால் நவம்பர் 22இல் கூட்டம் அலைமோதும். வெளிநாட்டுத் தாள் இருப்பதால், ஒரு வாரம் முன்பே பகலில் போய்ச் சரிபார்த்துவிடுவது நல்லது. பிழை இருந்தால் ஆசைப்பட்ட தேதி போய்விடும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே இருவரும் சம்மதித்தால் விவாகரத்தும் ஒரு படிவத்தோடு முடிந்துவிடும். அதன்பின் குழந்தையின் பொறுப்பு ஒருவருக்கு மட்டுமே, பெரும்பாலும் அம்மாவுக்கு, என்பதுதான் நெடுநாள் சட்டம். 2024 மே மாதம் திருத்தினார்கள். இருவரும் பொறுப்பேற்க வழி தரும் அந்தத் திருத்தம் அமலுக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. மகனிடம் வேலை விசா இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். மனைவியை நம்பிய விசா, மணமுறிவுக்குப் பின் 6 மாதத்தில் ரத்தாகும் ஆபத்து உண்டு.

மருமகள் ஒரே பெண்ணா என்றும் கேட்டுவையுங்கள். குடும்பக் கல்லறையையும் வீட்டுப் புத்த பீடத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு அங்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் கிளம்பும்.

இனி மகள். பாக்ஸ் சும்மா சேர்ந்து வாழ்வதல்ல. 1999 நவம்பரில் வந்த சட்டப்படி அது பதிவு செய்த ஒப்பந்தம். 2017 நவம்பர் முதல் நகராட்சியிலேயே பதியலாம், நோட்டரியிடமும் பதியலாம். ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் ஜோடிகள் பதிகிறார்கள், கல்யாண எண்ணிக்கைக்கு அருகில் வந்துவிட்டது. அங்கே பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் மணமாகாத பெற்றோருக்குத்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை. வருமான வரியைச் சேர்த்துக் கட்டலாம். சொத்து, வேறு எழுதாவிட்டால், தனித்தனி. வீடு வாங்கினால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரத்திலேயே போட வேண்டும்.

ஓட்டைகளும் உண்டு. துணை இறந்தால் பாக்ஸ் துணைக்குத் தானாக வாரிசுரிமை இல்லை, உயில் கட்டாயம். உயில் இருந்தால் வாரிசு வரி இல்லை. கணவன் இறந்தபின் மனைவிக்கு வரும் ஓய்வூதியமும் இதில் கிடையாது. குழந்தை பிறந்தால் அப்பா நகராட்சியில் ‘என் குழந்தை’ என்று தனியாக அறிவிக்க வேண்டும். பிறப்பதற்கு முன்பே செய்துவிடலாம். பிரெஞ்சுக்காரரை மணந்தால் 4 ஆண்டில் குடியுரிமை கேட்கலாம், பாக்ஸுக்கு அந்த வழி இல்லை. ஒருவர் மட்டும் நினைத்தாலும் அறிவிப்பு அனுப்பி முறித்துவிடலாம். இன்னொன்று: கல்யாணம் செய்த மருமகனுக்கு, வறுமையில் உள்ள மாமனார் மாமியாரைக் காக்கும் கடமையைப் பிரெஞ்சுச் சட்டம் சுமத்துகிறது. பாக்ஸ் மாப்பிள்ளைக்கு அது இல்லை.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது பிறப்புச் சான்று. 6 மாதத்துக்குள் எடுத்த நகல் கேட்பது வழக்கம். நம் ஊர்ச் சான்றுகளில் குழந்தை பெயர்க் கட்டமே காலியாக இருப்பது சகஜம்; முதலில் பெயரைச் சேருங்கள். அப்பா பெயர் ஓரிடத்தில் ‘எஸ்’, ஓரிடத்தில் ‘சுந்தரம்’ என்று இருந்தால் அதையும் திருத்துங்கள். பிறகு மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை. அதன் பின்னரே அங்குள்ள நீதிமன்றப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர். இந்த வரிசை மாறினால், அப்போஸ்தில் முத்திரையை மொழிபெயர்க்க மறுபடி காசு கொடுக்க வேண்டி வரும்.

இந்தியாவில் பாக்ஸ் கல்யாணமாக எடுத்துக்கொள்ளப்படாது. மாப்பிள்ளை அதை வைத்து, இந்தியருக்கு வாழ்க்கைத்துணை என்ற முறையில், விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓ.சி.ஐ. அட்டை கேட்க முடியாது. பின்னால் மனம் மாறிக் கல்யாணம் செய்தால் பாக்ஸ் தானாக முடிந்துவிடும். மாப்பிள்ளை இந்து இல்லையென்றால் கோயிலில் மாலை மாற்றியது மட்டும் போதாது, சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிய வேண்டும். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அதன்பின் அறிவிப்புக்கு இன்னொரு 30 நாள். புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் மாப்பிள்ளை முன்கூட்டியே தகுதிச் சான்றும் வாங்க வேண்டும். மூன்று வார லீவில் வந்து முடிக்கிற வேலை அல்ல. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.